மேடையில் இடமில்லாதவர்கள்

கீழமுனைக்கு முதலில் வந்தவர் குடைக்காரர். மழை பெய்து எட்டு மாதமாகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணி வெயிலில், உப்புக்கிடங்கின் மேற்கு வாசலுக்கு எதிரே விரித்த குடையோடு அவர் நின்றுகொண்டிருந்தார்; குடையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் காலடி மணல் மட்டும் கறுத்திருந்தது. டீக்கடைச் சுடலைமணி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். உள்ளே படிக்கிறார்களே, அந்தக் கதையிலிருந்து வருகிறேன், அதில் எனக்கு இரண்டே வரி, மேடையில் இடமில்லை, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொன்னார்கள், இருக்கிறேன், என்றார் அவர். அப்படியா, இருங்கள், சீனி போடலாமா என்று கேட்டுவிட்டுச் சுடலைமணி பாலைச் சூடாக்கப் போனார். மாலைக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. விரித்த குடை என்று மட்டுமே எழுதப்பட்டிருந்ததால் அவருக்குக் குடையை மடக்கத் தெரியவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. அதனால் வாசல் அகலமான வீடு யாரிடம் இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு எங்கள் ஊரில் முக்கியமான பேச்சாக இருந்தது.

கிடங்குக்குள் இருந்தது ஞாயிறு நாடகக் குழு. மொத்தம் ஏழு பேர். துறைமுகத்து எடைமேடையில் லாரிகளின் எடையை எழுதும் இசக்கியம்மைதான் அதை ஆரம்பித்தவள். ஐஸ் கம்பெனிக் கோயில்பிள்ளையும், வலை பழுதுபார்க்கும் அக்கா தங்கை இருவரும், ஒரு பஸ் கண்டக்டரும், பள்ளிக்கூட ஆய்வகத்தில் குப்பி கழுவுகிற ஒருவரும், கல்யாணமாகி வந்து மூன்று வருடம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு நேராக மேடையில் வந்து பேசிய ஒரு மருமகளும் சேர்ந்து ஏழு. அவர்கள் நாடகம் எழுதுவதில்லை. அச்சில் வந்த கதைகளையும் நாவல்களையும் எடுத்து, எழுதியவரின் சொல்லில் ஒன்றைக்கூட மாற்றாமல், ஒன்றைக்கூடச் சேர்க்காமல், அப்படியே உடம்பில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். மேடையில் பொருள் எதுவும் இருக்காது. அரிசி என்று எழுதியிருந்தால் அரிசி இருக்காது, அரிசியை அள்ளும் கை இருக்கும். ரயில் என்று எழுதியிருந்தால் ஏழு பேரின் மூச்சு தூரத்திலிருந்து கிளம்பி, கிட்ட வந்து, முன்வரிசையில் இருக்கிற நாங்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி கடந்து போகும். கிடங்கில் மின்சாரம் கிடையாது. கூரையில் அங்கங்கே பதித்த கண்ணாடி ஓடுகளின் வழியாக இறங்கும் வெயில்தான் விளக்கு, அதனால் நாடகம் எப்போதும் மூன்று மணிக்குத் தொடங்கும், வெயில் எந்தச் சுவரில் எப்போது ஏறும் என்று இசக்கியம்மைக்குத் தெரியும், தாங்க முடியாத காட்சி எதுவானாலும் அது நாலே முக்காலுக்கு, வெளிச்சம் ஒரு ஆள் உயரத்துக்கு வந்து நிற்கும்போது வரும்படி அவள் பார்த்துக்கொள்வாள்.

ஏழு பேர் என்பதால் வெட்ட வேண்டியிருந்தது. கதையில் இருபது பேர் இருந்தால் பதின்மூன்று பேருக்கு இடமில்லை. வந்தவரை வாசலில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்புவது கூடாது என்று வளர்க்கப்பட்டவள் இசக்கியம்மை; அதனால் ஒருவரை நீக்குவதென்று முடிவானால் ஏழு பேரும் எழுந்து நிற்பார்கள், அவருக்கு எழுதப்பட்டிருக்கிற வரிகளை ஒரே ஒரு தடவை சேர்ந்து வாசிப்பார்கள், பிறகு, மேடையில் இடமில்லை, மன்னிக்கணும், கொஞ்சம் வெளியே இருங்க, என்று சொல்லிவிட்டுப் பென்சிலால் கோடு போடுவார்கள். பல வருடம் இது வெறும் மரியாதையாகத்தான் இருந்தது. என்றைக்கு, எதனால் அவர்கள் இதை நம்பி உண்மையாகவே வெளியே வந்து இருக்கத் தொடங்கினார்கள் என்று எங்களில் யாரும் ஆராயவில்லை. வெயிலில் நிற்பவரிடம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

குடைக்காரருக்குப் பின்னால் பலர் வந்தார்கள். தூரத்தில் சிரித்த பெண் என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தவள் வந்தாள்; பக்கத்தில் போய் நின்று பேசினாலும் அவள் தூரத்திலேயே தெரிந்தாள், மீன் விற்கப் போனபோது அவளிடம் பேரம் பேச எல்லோரும் கத்த வேண்டியிருந்தது. தெருவில் ஓடிய மூன்று குழந்தைகள் வந்தார்கள், அவர்களுக்கு ஓடுவதைத் தவிர ஒன்றும் எழுதப்படவில்லை, பள்ளிக்கூடத்தில் உட்காரவைக்க முடியாமல் தலைமையாசிரியர் அவர்களை மாவட்டப் போட்டிக்கு அனுப்ப, கீழமுனைக்கு வாழ்நாளில் முதல் கோப்பை வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட அதட்டல் குரல் ஒன்று ஆள் இல்லாமல் வந்தது, கொஞ்ச நாள் அது எல்லோர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் நின்று சங்கடப்படுத்திவிட்டு, பிறகு பஸ் நிலையத்தில் வண்டி நேரம் அறிவிக்கும் வேலைக்கு அமர்ந்து கௌரவமாகிவிட்டது. ரேஷன் கடைக்காரர் முதலில் தலையைச் சொறிந்தார். பிறந்த தேதி என்ன எழுதுவது என்று கேட்டார். புத்தகம் அச்சான வருடத்தைப் போடுங்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னார். ஒரு வருடத்துக்குள் அவர்கள் யார், நாங்கள் யார் என்று வெளியூர்க்காரர்களுக்குப் பிரித்துச் சொல்வதற்கே நேரமாகியது.

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் ஊரில் தானாக உண்டாகியிருந்தது. அவர்களுக்குத் தங்கள் பக்கம் மட்டுமே தெரியும். கதையில் தங்களுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆனது என்று தெரியாது. அதை நாங்கள் சொல்லுவதில்லை. நூலகர் அந்தந்தப் புத்தகத்தை மேல்தட்டில் வைத்துவிடுவார், தங்கள் நாடகம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தாங்களாகவே கடற்கரைப் பக்கம் போய்விடுவார்கள். தெரியாமலிருப்பது அவர்களுக்கு ஒரு வீடு போல இருந்தது, அதன் கூரையைப் பிரிக்க யாருக்கும் கை வரவில்லை.

அப்படித்தான் மெஷின்காரர் வந்தார். ஒரு பெரிய வீட்டைப் பற்றிய நாவலை அப்போது குழு எடுத்திருந்தது; எங்கள் ஊரில் அதற்கு வீட்டு நாடகம் என்று பெயர். அந்த வீட்டின் தலைவி இறந்துபோகிறாள். இறந்த பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, வருடத்துக்கு ஒருமுறை அவளுடைய தையல் மெஷினுக்கு எண்ணெய் போட வருகிற ஆள், அவள் இறந்தது தெரியாமல் வருகிறான். மூன்று பக்கம் அவனுக்கு. அம்மா இல்லையா என்று கேட்கிறான். உள்ளே இருக்கிறாள் என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிடுகிறார். அவன் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்க்கிறான். அந்தச் சத்தத்தில் வீடே நின்றுபோகிறது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுகிறான். பெயர்கூட எழுதப்படாத அந்த ஆளைத்தான் இசக்கியம்மை கோடு போட்டு நீக்கினாள். அவர் காக்கிச் சட்டையும், எண்ணெய்க் குப்பியும், பையில் ஒரு திருப்புளியுமாக மேற்கு வாசலில் வந்து நின்றார். நின்றவர் காதைச் சாய்த்துக் கேட்டார். ஊரில் எங்கேயோ ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து அமலோற்பவத்தின் வீட்டு வாசலுக்குப் போய், உங்க மெஷின் பெல்ட் தளந்திருக்கு என்றார்.

அமலோற்பவத்தை நாங்கள் அமலி என்போம். குழுவின் உடைகளையெல்லாம் தைப்பவள், அப்போது நாற்பத்தொரு வயது, கல்யாணப் பேச்சு எடுப்பதை வீட்டில் நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது. பெல்ட்டை மாற்றியவர் மறுநாள் ஊசியைப் பார்க்க வந்தார், அதற்கு மறுநாள் ஊசி எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தார், பெல்ட்டும் ஊசியும் இதற்குமேல் தாங்காது கல்யாணத்தைச் செய்துவையுங்கள் என்று சுடலைமணிதான் போய்ப் பேசினார். நாவலில் அவருக்கு மதம் எழுதப்படவில்லை. மாதா கோயில் சாமியார் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை, எழுதாத இடத்தில் நாம் எழுதினால் குற்றமில்லை என்று தானே தீர்மானித்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அருமைநாயகம் என்று பெயரிட்டு, அமலிக்குக் கட்டிவைத்தார். பதினொரு வருடம் இரண்டு பேரும் அந்த வீட்டில் இருந்தார்கள். அவர் நின்றுகொண்டேதான் தண்ணீர் குடிப்பார். உட்கார்ந்து குடித்ததாக எழுதப்படவில்லை. மற்றதெல்லாம் கற்றுக்கொண்டார். சண்டை போடக்கூடக் கற்றுக்கொண்டார் என்று அமலி பெருமையாகச் சொல்வாள்.

ஒன்று மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது, மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அன்னைக்கு அந்தம்மா வெளிய வரல, எப்பவும் தண்ணி அவுகதான் கொண்டாருவாங்க, உடம்புக்கு முடியலையோ என்னவோ, கேக்காம வந்துட்டேன், என்பார். அமலி துணியை எடுத்து மடிக்கத் தொடங்குவாள். சுடலைமணியின் கடையில் சொன்னால் அவர் டம்ளர் கழுவப் போய்விடுவார். ஊரே எட்டுத் தடவை வீட்டு நாடகத்தைப் பார்த்திருந்தது, ஊருக்கே தெரியும் அந்த அம்மா இறந்துவிட்டாள் என்று, ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை.

இதற்கு நடுவில்தான் குடைக்காரர் போனது. குழுவின் பழைய நாடகங்களில் ஒன்றைத் திரும்ப எடுத்தபோது அந்த இரண்டு வரியை இசக்கியம்மை மறுபடி சேர்த்தாள். கண்டக்டர்தான் அந்தப் பாத்திரம். அவர் மேடையில் முதல் வரியைச் சொன்ன நேரத்தில், எதிரே டீக்கடையில், கடற்கரைக்குக் கிளம்பத் தாமதித்து அவர் பாதி குடித்த டம்ளர் மேசைமேல் இருக்க, குடைக்காரர் இல்லை. உள்ளே மேடையில் கண்டக்டரின் நிழல் குடை பிடித்திருந்தது. அந்தக் குழுவில் யாரும் நடுவில் மேடையை விட்டு இறங்கமாட்டார்கள், அது அவர்களுடைய வழக்கம். தன் பகுதி முடிந்தவர் போய் ஓரத்தில் போட்டிருக்கும் நீளப் பலகையில், எல்லோரும் பார்க்கும்படி, கடைசிவரை உட்கார்ந்திருப்பார். கதைக்குள் வந்தவர் கதை முடியும்வரை கதைக்குள்ளேயே இருக்கிறார் என்பது இசக்கியம்மையின் கணக்கு. கண்டக்டரும் போய்ப் பலகையில் உட்கார்ந்தார், குடை நிழலும் அவரோடு உட்கார்ந்தது, நாடகம் முடிந்தது, கண்டக்டர் எழுந்தார், நிழல் சாதாரண நிழலாக இருந்தது. குடைக்காரர் திரும்பவில்லை. அவர் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். சுடலைமணி மட்டும் ஒரு வாரம் கடை திறக்கவில்லை.

வீட்டு நாடகத்தை ஒன்பதாம் முறையாகப் போடவிருந்த வருடம் பங்குனியில் இசக்கியம்மையின் தாய் இறந்தாள். அது முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், இசக்கியம்மை அமலியின் வீட்டுக்கு வந்தாள். மெஷின்காரர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அமலி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், உக்காருங்கக்கா, என்றாள்.

"ஒரு சட்டை தைக்கணும் அமலி."

"யாருக்கு?"

"காக்கி. அரைக்கை. மேல்பையில திருப்புளி நிக்கணும்."

மெஷின் நின்றது. அமலி, அளவு எனக்குத் தெரியும்னு வந்தீங்களாக்கும், என்றாள்.

இசக்கியம்மை தன் தாய் இறந்த நான்காம் நாளைப் பற்றிச் சொன்னாள். தினமும் சாமி படத்துக்குப் பூக் கொடுக்கிறவள், ஒரு வாரம் ஊரில் இல்லாததால் ஒன்றும் தெரியாமல் வந்து, அம்மா எங்க என்று கேட்டாள். பின்கட்டுல இருக்காங்க என்று இசக்கியம்மை சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பூக்காரி ஒரு முழம் அளந்து, அம்மா முழத்துக்கு மேலே கேட்பாள் என்று இன்னும் நாலு விரற்கடை சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் என் அம்மா பின்கட்டில்தான் இருந்தாள், என்றாள் இசக்கியம்மை.

"இடமில்லன்னு உன் வீட்டுக்காரர வெட்டல நான். புரியல, அதான் வெட்டினேன். அந்த மூணு பக்கத்துக்காகத்தான் எழுதினவர் மத்த முந்நூறு பக்கத்தையும் எழுதியிருக்கார். எட்டு தடவ போட்டும் கடைசிக் காட்சி பாக்கிறவங்க மனசுல நிக்காததுக்கு அதுதான் காரணம்."

"குடைக்காரர் போனாரே அக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சும் வந்து கேக்கீங்க."

"தெரிஞ்சுதான் கேக்கேன். நீ மாட்டேன்னா இந்த நாடகத்த இனிமே போடவே மாட்டேன். அது உன் கையில இருக்கு."

அவள் போன பிறகு அமலி வெகுநேரம் காலைப் பெடலில் வைத்தபடி ஓட்டாமல் இருந்தாள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. வெளியே வந்தவர்களை வீட்டில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கலங்கிப்போனார்கள். ஓடும் குழந்தைகளை வளர்த்தவள் அவர்கள் காலுக்கு ஒரு வாரம் கொலுசு போட்டுப் பார்த்தாள், எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கேட்பதற்கு. மீன் ஏலத்தில் ஒருவர், ஒரு நாடகம் மனதில் நிற்காமல் போனால் குடி முழுகிவிடுமா என்றார். அதற்கு ஒரு கிழவர், முப்பது வருடம் கடலுக்குப் போனவன் நான், அந்தக் கிடங்கில்தான் என் பெண்டாட்டி செத்ததற்கு நான் அழுதேன், அந்த ஏழு பேரும் சரியாகச் செய்யணும் என்றால் செய்யட்டும், என்றார். சுடலைமணி யார் பக்கமும் பேசவில்லை. மெஷின்காரர் டீ குடிக்க வரும்போது மட்டும் டம்ளரை முழுதாகக் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

கடைசியில் கேட்கப்பட வேண்டியவரிடம் கேட்டவள் அமலிதான். அந்த வீட்டுக்கு ஒருக்கா போயிட்டு வரணும்னு தோணுதா என்று கேட்டாள். அவர் எண்ணெய்க் குப்பியை மூடிவைத்துவிட்டு யோசித்தார். போயிட்டு வந்தா நல்லாத்தான் இருக்கும், அந்த மெஷினுக்கு எண்ணெ போட்டு ரொம்ப வருஷமாச்சு, அந்தம்மாவையும் பாத்துருலாம், என்றார். போயிட்டு வந்தா என்று அவர் இயல்பாகச் சொன்னதுதான் அமலியை உலுக்கியது. மறுநாள் நூலகத்துக்குப் போய், மேல்தட்டிலிருந்து அந்த நாவலை எடுத்துத் தரச் சொன்னாள்.

ஒன்பது நாடகங்களுக்குத் தைத்திருந்தவள் ஒரு நாவலும் வாசித்ததில்லை. அளவும் காலமும் சொன்னால் அவளுக்குப் போதும். இப்போது அந்த மூன்று பக்கத்தை, பழைய சட்டையைப் பிரித்துத் தையல் போன வழியைப் பார்ப்பதைப் போல, ஏழு நாள் வாசித்தாள். பிறகு அதற்குப் பின்னாலிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அவரைப் பற்றி எங்காவது ஒரு சொல் வருகிறதா என்று கடைசிவரை தேடினாள். எட்டாம் நாள், சாப்பாட்டு இடைவேளையில் எடைமேடைக்குப் போய், இசக்கியம்மையின் முன்னால் புத்தகத்தைத் திறந்து வைத்து, ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள். அவன் கேட்டைத் திறந்து வெயிலில் இறங்கிப் போனான், என்று இருந்தது.

"இதுக்கு மேல இவரப் பத்தி எழுதினவர் ஒரு வார்த்த எழுதல. நான் பாத்துட்டேன்."

"ஆமா."

"போயிட்டாருன்னுதான எழுதியிருக்கு. நீங்க ஏன் பலகையில உக்கார வைக்கீங்க? குடைக்காரரையும் போனாருன்னுதான் எழுதியிருந்துதாம், நூலகத்துல கேட்டேன். நீங்க போக விடல. உள்ளயே உக்கார வச்சிட்டீங்க."

எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது, இசக்கியம்மை எடையை எழுதவில்லை, டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"எழுதினதுல ஒரு சொல் மாத்தக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க," என்றாள் அமலி. "எங்க வீட்டுக்காரரே போய் நடிக்கட்டும். வேற யாரும் அவர் பேச்சப் பேச வேண்டாம். முடிஞ்சதும் மேற்கு வாசல் வழியா வெயில்ல இறங்கி வரட்டும். நான் வெளிய நிக்கேன்."

இருபத்தாறு வருஷமா ஒருத்தரும் நடுவுல இறங்கினதில்ல அமலி, என்று இசக்கியம்மை சொன்ன குரலை அந்த டிரைவர் பிறகு எங்களிடம் பேசிக் காட்டினான். அது வழக்கத்தைக் காப்பாற்றுகிறவளின் குரல் இல்லை. ஒரு மனிதனை மழையோடு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம் என்று அப்போதுதான் அறிந்தவளின் குரல். இறங்கி வந்தாலும் வெளியே வருவார்னு நிச்சயமில்ல, என்றாள். எனக்கும் நிச்சயமில்ல, சட்டை தைக்க ஆரம்பிச்சிட்டேன், என்றாள் அமலி.

ஒத்திகையில் அந்த மூன்று பக்கம் வந்தபோதெல்லாம் ஏழு பேரும் வாய் திறக்காமல் அவருக்கான இடத்தைச் சுற்றி நடந்தார்கள். மெஷின் சத்தத்தை நகத்தால் தரையில் தட்டி எழுப்புவதென்று வலைக்கார அக்காவும் தங்கையும் பழகிவைத்தார்கள். ஆனி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, கிடங்கில் பாயும் இடமும் போதாமல் ஜன்னல்களில் ஆள் நின்றபோது, மூன்று மணிக்கு நாடகம் தொடங்கியது.

நாலே முக்காலுக்கு அவர் மேடைக்கு வந்தார். புதுச் சட்டை, அமலி மடித்த ஓரம். கோயில்பிள்ளை பெரியவராக உட்கார்ந்திருந்தார்; ஐஸ் கட்டி உடைக்கிற அந்தத் தடித்த கைகள் மடியில் கிடந்தன. அம்மா இல்லையா, என்றார் மெஷின்காரர். கோயில்பிள்ளை இதற்கு முன் யாரிடமும் சொல்லாத வரியைச் சொன்னார்: உள்ளே இருக்கிறாள். பதினொரு வருடமாக நாங்கள் எல்லோரும் இதே பொய்யை இதே மனிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம், யாரும் எழுதித் தராமலே. அவர் வெறும் தரைக்கு முன்னால் குனிந்து துடைத்தார், எண்ணெய் விட்டார், கால் வைத்தார். வலைக்கார அக்காவும் தங்கையும் விரலைத் தரைக்குக் கொண்டுபோவதற்குள் சத்தம் வந்துவிட்டது. பழைய மெஷினின் சத்தம், ஒரு அறையில் தொடங்கி இன்னொரு அறைக்கு, அதற்கப்பால் இன்னொரு அறைக்கு என்று எங்களுக்குத் தெரியாத ஒரு வீட்டின் அளவைக் காட்டிக்கொண்டே போயிற்று, அந்த வீட்டில் எங்கோ ஒரு பெண் இருந்தாள், அந்தச் சத்தம் இருக்கும்வரை இருந்தாள், சத்தம் நின்றது. மருமகளாக நடித்தவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் நின்றுகொண்டே குடித்தார். அடுத்த வருஷம் வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க, என்றார். சொல்கிறேன், என்றார் கோயில்பிள்ளை.

அவர் பலகைப் பக்கம் திரும்பவில்லை. மேற்கு வாசலைப் பார்த்து நடந்தார். கதவு திறந்திருந்தது, வெயில் வாசல்படி வரைக்கும் வந்திருந்தது, உள்ளேயிருந்த நாங்கள் அவர் அந்த வெளிச்சத்துக்குள் இறங்கியதைப் பார்த்தோம்.

வெளியே நின்ற அமலி அதைப் பார்க்கவில்லை. அவளுக்கு வாசல் இருட்டாக இருந்தது. உள்ளே அவர் இறங்கிவிட்டதாக நாங்கள் அறிந்த பிறகும் வெளியே அவர் வரவில்லை. ஒரு படிதான், ஒரு அடிதான், அந்த ஒரு அடிக்கு நடுவில் எழுதியவர் ஒன்றும் எழுதாமல் விட்ட இடமெல்லாம் இருந்தது, அவர் அதைக் கடந்து நடந்துகொண்டிருந்தார் போல. சுடலைமணி கடையிலிருந்து இறங்கி வந்து அமலிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். மேடையில் கோயில்பிள்ளை அடுத்த வரியைச் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி இசக்கியம்மை கை காட்டவும் இல்லை. சுவரில் வெயில் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு குழந்தை உயரம் ஏறியது.

பிறகு அவர் வெளியே வந்தார். கண்ணுக்கு நேரே கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, கையெல்லாம் எண்ணெயாக, வந்து அமலிக்கு முன்னால் நின்றார்.

"இன்னைக்கும் அந்தம்மா வரல," என்றார். "உள்ள இருக்கான்னு சொல்லுதாரு. சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல." கைகளைத் திருப்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா அமலி?"

"தெரியும்."

"எப்பயிருந்து?"

"நீங்க வந்த நாள்லேருந்து."

அவர் சுடலைமணியைப் பார்த்தார். சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டு, எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி, என்றார். அவர் கோபப்படுவார் என்று அமலி எதிர்பார்த்தாள், அதையும் அவர் அவளிடம்தான் கற்றிருந்தார், ஆனால் அவர் திரும்பி அந்த இருண்ட வாசலைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பெரியவர் தனியா இருக்காரு, என்றார். அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

"வாங்க, பாப்போம்," என்றாள் அமலி.

அவர்கள் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார நாங்கள் நெருங்கி இடம் விட்டோம். அவர்களைக் கண்டதும் கோயில்பிள்ளை அடுத்த வரியைச் சொன்னார், நாடகம் மேலே போனது. மூன்று பக்கத்து மனிதர் தன் முன்னால் முந்நூறு பக்கம் விரிவதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கல்யாணமாகிப் போனதை, வீடு பங்கு பிரிந்ததை, வீட்டுப் பண்டபாத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியேறியதை. பெரியவரின் பேச்சில் அந்த அம்மாவின் சாவு முதல் முறையாக வெளிப்படையாக வந்தபோது அவர் அசையவில்லை. அமலி மேடையைப் பார்க்கவே இல்லை.

கடைசிக் காட்சியில் பெரியவர் யாருமில்லாத வீட்டில் மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்து ஓட்டுகிறார். எட்டுத் தடவையும் அதைப் பார்த்து, கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாயைச் சுருட்டியவர்கள்தான் நாங்கள். இந்த முறை ஒருவரும் பாயைத் தொடவில்லை. கோயில்பிள்ளையின் கால் காற்றில் ஏறி இறங்கியது, ஆறு பேர் பலகையிலிருந்து நகத்தால் தட்டினார்கள், வெயில் சுவரின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது.

மெஷின்காரர் அமலியின் பக்கம் சாய்ந்து, பதறியவர் போல, "நூல் கோக்கலையே," என்றார்.

"தெரிஞ்சுதான் ஓட்டுதாரு," என்றாள் அமலி.

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். அழுவதாக அவருக்கு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எப்படி அழுவதென்று தெரியாமல், மிகவும் சிரமப்பட்டு, முதலில் தோளாலும் பிறகு கைகளாலும் கடைசியில் கண்ணாலும் அவர் அழுதார், மேடையில் இசக்கியம்மை எழுந்து நின்று, நாடகம் முடிந்தது என்று சொல்லாமல், அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.